கண்டது, கேட்டது, நினைத்தது

கல்லூரி ஆண்டு மலருக்கு ‘இனிய நினைவுகள்’ என்று ஏதாவது எழுதித் தரும்படி கேட்டு, போன வாரம் ஆதம்பாக்கத்தில் என் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் என்னிடம் படித்தவர்கள், இப்போது அங்கேயே பாடம் நடத்துகிறவர்கள். பேச்சுக்கு நடுவே ஒருத்தி குனிந்து போனில் எதையோ தட்டினாள். என்னடி என்றேன். யாரோ ஒரு பெண் வாட்ஸ்அப்பில் மார்க்கக் கேள்வி கேட்டாளாம், இவள் பதில் போட்டாளாம். நான் டீயை ஒரு வாய் குடித்துக் கீழே வைப்பதற்குள் கேள்வி வந்து, பதிலும் போய்விட்டது.

கேட்டவள் யார், அவளுக்கு என்ன நடந்தது என்று விசாரித்தேன்.

“டைப் பண்ணியிருக்காங்க ஆலிமா. அதுலயே எல்லாம் இருக்கு.”

எனக்கு வந்த கோபத்தில் பிஸ்கெட் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அந்தக் கோபம் தணிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இனிமை எங்காவது தென்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தாவுக்குத் தியாகராய நகரில் பொத்தான் கடை. பொத்தான், ஜிப், ஊக்கு, லைனிங் துணி. நான் வாயாடி என்பதால் கடையில் உட்கார வைத்தால் வியாபாரம் கெடும் என்று பெண்கள் அரபிக் கல்லூரியில் சேர்த்தார். அங்கே மார்க்கம் படித்து ஆலிமா பட்டம் வாங்கினேன். பிறகு மேல்படிப்பாக ஃபிக்ஹ், உஸூல் இரண்டையும் படித்தேன். ஃபிக்ஹ் என்றால் மார்க்கச் சட்டம். உஸூல் என்றால் அந்தச் சட்டத்தை எப்படி எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், இமாம்கள் எந்த இடத்தில் பிரிந்து போனார்கள் என்கிற கணக்கு. முதலாவதை மனப்பாடம் செய்து தேறலாம். இரண்டாவதில் மனப்பாடம் எடுபடாது. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் கல்யாணமாகிப் போனார்கள், மீதிப் பேர் தலைவலி என்று போனார்கள். நான் மிஞ்சினேன். படித்த வருஷங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கம் போதவில்லை, சாப்பாடு சுமார்.

பிறகு மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடியில் நடந்த கல்லூரியில் வேலை. கட்டடத்தின் ஒரு பக்கம் வகுப்பு. இன்னொரு பக்கம் தனிப் படிக்கட்டு ஏறினால் ஃபத்வா அறை. மக்கள் சட்டக் கேள்வி கொண்டு வருவார்கள், முஃப்தி பதில் எழுதிக் கொடுப்பார். எல்லோரும் அவரை ஹஜ்ரத் என்போம். பெண்களின் விஷயங்களைப் பெண்களிடம்தான் கேட்க முடியும் என்பதால், அந்தக் கேள்விகளை வாங்கி எழுதும் வேலை எனக்கு வந்தது. ஓய்வு பெறும் வரை இரண்டு வேலையும் பார்த்தேன்.

ஹஜ்ரத் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற மனிதர். குரல் உயராது. கோபம் வந்தால் ‘நல்லது’ என்பார். அதையே இரண்டு தரம் சொன்னால் நாங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

அவர் அறையில் சுவர் முழுக்கக் கிதாபுகள், எல்லாம் சட்டப் புத்தகங்கள். அவற்றின் மேல் ஒரு பச்சைத் துணி தொங்கும். தூசிக்கு என்று முதலில் நினைத்தேன். இல்லை. கேள்வி முடிகிற வரைக்கும் அந்தத் துணியை யாரும் தூக்கக் கூடாது. கேட்க வந்தவர் தன் கையாலேயே கேள்வியை எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும், அவர் சொன்ன சொல்லை மாற்றாமல். பிறகு அதை அவருக்கே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஒரு குறி. இது கண்டதா, கேட்டதா, நினைத்ததா? நினைத்தது என்றால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். பெரும்பாலான கேள்விகளில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போகும். சிலருக்கு அதோடு பிரச்சினையே தீர்ந்து, சலாம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொரு கட்டளையும் உண்டு. கேட்பவர் சொல்வதில் எந்த விவரத்தால் தீர்ப்பு மாறும் என்பதை அவருக்குக் காட்டிக்கொடுக்கவே கூடாது. முகத்தில்கூடத் தெரியக் கூடாது. காட்டிவிட்டால் அடுத்த நிமிஷம் அந்த விவரம் அவருக்கு வேண்டிய மாதிரி மாறிவிடும். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆசை ஞாபகத்தைத் திருத்திவிடும்.

அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு முறை ஆறேழு பேர் கூட்டமாக வந்தார்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் புறா செத்துக் கிடந்ததாம். அந்தத் தண்ணீரில் கை கால் கழுவி ஒளுச் செய்து தொழுத தொழுகைகள் என்ன ஆகும் என்று கேள்வி. செத்த பிராணி ஊதியிருந்தால் மூன்று நாள் தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டும், ஊதவில்லை என்றால் ஒரு நாள் போதும் என்பது எங்கள் மத்ஹபில், அதாவது நாங்கள் பின்பற்றும் சட்டப் பிரிவில், ஒரு சொல். கண்ட நேரத்திலிருந்துதான் கணக்கு என்பது இன்னொரு சொல். வந்தவர்கள் முதல் சொல்லை எங்கேயோ படித்துவிட்டு, ஊதியிருந்தது, ஊதவில்லை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார்.

“புறாவைக் கண்ணால பார்த்தது யாரு?”

யாரும் பார்க்கவில்லை. வாட்ச்மேன் பார்த்தார், எடுத்து எறிந்தார். இவர்கள் அவரிடம் கேட்கவே இல்லை.

“நல்லது. போய் வாட்ச்மேனைக் கேட்டுட்டு வாங்க. இங்க வர்றதுக்கு முன்னால தொட்டியைக் கழுவிட்டீங்களா?”

கழுவவில்லை. மூன்று நாளா ஒரு நாளா என்ற சண்டையில் தொட்டியை மறந்துவிட்டார்கள். படித்தவர்கள் செய்கிற தப்பு இப்படித்தான் இருக்கும்.

இனி ஸ்டெல்லா அக்கா விஷயம். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முந்தி நடந்தது. லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டு, ஆட்டோக்காரர்கள் மயிலாப்பூர் என்றாலே தலையாட்டிவிட்டுப் போன சமயம்.

சபீனா என்று ஒரு பெண், வங்கியில் வேலை. அவளுக்கும் அனீஸ் என்ற பையனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு குடும்பமும் ஒரு காலத்தில் பட்டினப்பாக்கம் பக்கம் ஒரே சந்தில் குடியிருந்தவை. பிறகு சபீனா வீட்டார் தி. நகருக்குப் போனார்கள். அனீஸ் வீட்டார் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்கள். நிச்சயத்துக்குத் தி. நகர் வீட்டில் கூட்டம். பழைய பழக்கத்துக்காகச் சந்திலிருந்து ஸ்டெல்லாவையும் அழைத்திருந்தார்கள். மீன் விற்கிற அம்மாள், மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் சந்தோஷத்தில் பெண் தலையில் ஒரு கையும் மாப்பிள்ளை தலையில் ஒரு கையும் வைத்து, சபை நடுவே சொன்னார்.

“ரெண்டும் என் மார்ல பால் குடிச்ச பசங்க. நல்லா இருக்கணும்.”

மாப்பிள்ளையின் சித்தப்பா கையிலிருந்த ஸ்வீட் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாராம். நிச்சயம் அத்தோடு நின்றது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சட்டத்தில், இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தவள் அந்தக் குழந்தைக்குத் தாய். பெற்றவளைப் போலவே தாய். அவளிடம் பால் குடித்த எல்லோரும் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது, எந்தக் காலத்திலும் கிடையாது. கொடுத்தவள் எந்த மதம் என்பது இதில் வராது. ஸ்டெல்லா இரண்டு பேருக்கும் கொடுத்தது உண்மையானால், அனீஸும் சபீனாவும் உடன்பிறப்புகள்.

சபீனா தனியாக வந்தாள், ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க. அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

“ஆலிமா, கூடாதுன்னா கூடாதுன்னு சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன். கூடும்னா கூடும்னு சொல்லுங்க. சந்தேகம்னு மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க. சந்தேகத்தோட நான் ஒருத்தர் பக்கத்துல படுக்க முடியாது.”

எத்தனையோ பேர் கேள்வி எழுதிப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை.

அவள் எழுதியதில் குறி போட்டோம். அவள் குடித்தது உறுதி. அவள் பிறந்ததும் தாய்க்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பக்கத்து வீட்டு ஸ்டெல்லாதான் தன் மகள் டெய்சியோடு சேர்த்து இவளுக்கும் பால் கொடுத்தார். அதைக் கண்ணால் பார்த்த பெண்கள் பலர் இருந்தார்கள். அனீஸ் குடித்தது மட்டும் ‘கேட்டது’. ஸ்டெல்லா வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டது.

அன்று சாயங்காலம் என் மேல்படிப்பு வகுப்பில் இதை ஆளில்லாத கேள்வியாக, பெயர் சொல்லாமல் வைத்தேன். பிடித்துக்கொண்டார்கள். ஷாஃபி மத்ஹபில் ஐந்து தடவை குடித்திருக்க வேண்டும், ஹனஃபியில் ஒரு மிடறு போதும் என்று ஒரு பக்கம். சாட்சிக்கு எத்தனை பெண்கள் என்று இன்னொரு பக்கம். சத்தம் பெரிதாகி, கீழ் வீட்டு மாமி மாடிப்படியில் பாதி வரைக்கும் ஏறி வந்துவிட்டார். அவருடைய வீணை வகுப்பு நேரம் அது.

“பாடமா நடத்திண்டிருக்கேள்? நான் யாரோ அடிச்சுக்கறான்னு நினைச்சேன். எங்காத்துல குழந்தைகளுக்கு ஸ்ருதியே நிக்கலை.”

அந்த வகுப்பில் தஸ்லீமா என்று ஒருத்தி கெட்டிக்காரி. அவள் எழுந்து ஒரே போடாகப் போட்டாள். பால் கொடுத்தவள் முஸ்லிம் இல்லை, தனி ஒருத்தி, அவள் சொல் சட்டப்படி சாட்சியே ஆகாது, ஆகவே தடை இல்லை, கல்யாணம் செய்யலாம். எல்லோரும் தலையாட்டினார்கள். பாடப்படி பார்த்தால் அவளைத் தப்பு சொல்ல முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அந்தம்மா மார்ல பால் சுரந்துதா இல்லையா? அதைச் சொல்லு. அவ எந்தக் கோயிலுக்குப் போறான்னு பால் கேட்டுக்கிட்டா வந்துச்சு?”

ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன். கிராம்பை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒதுக்கினார்.

“சாட்சி செல்லுமான்னு கேக்கறது காஜி. ரெண்டு பேர் வழக்குன்னு வந்து நின்னா அந்தக் கேள்வி. இங்க வழக்கு இல்லம்மா. ஒரு பொண்ணு உண்மை என்னன்னு கேக்கறா. அந்தம்மா சொல்லைத் தள்ளிட்டா பதில் கிடைச்சுடும், உண்மை கிடைக்காது. அப்புறம், பையன் அப்போ எவ்வளவு பெரியவன்? இவ்வளவு பேசினாங்களே, யாராவது கேட்டாங்களா?”

யாரும் கேட்கவில்லை. வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் வயது வரம்பு மனப்பாடம். எத்தனை மிடறு, எத்தனை சாட்சி என்று புத்தகம் பிரிந்து போகிற இடங்களில்தான் எல்லோருக்கும் ருசி. எல்லா இமாம்களும் ஒத்துப்போகிற சப்பை விஷயத்தை ஒருத்தியும் தொடவில்லை.

மறுநாள் காலையில் அனீஸின் தாய் ஜுலைகா வந்தாள். அவளிடம் என்ன கேட்க வேண்டும் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். ஆனால் நான் மேலே போவதற்குள் படிக்கட்டில் அவளைத் தஸ்லீமா பார்த்துவிட்டாள். ஜுலைகா விஷயத்தைச் சொல்லி அழுதிருக்கிறாள். இவளுக்கு மனசு இளகிவிட்டது. ஹஜ்ரத் கேட்டதை நான் முந்தின நாளே வகுப்பில் போய்ச் சொல்லியிருந்தேன், அதை ராத்திரியெல்லாம் யோசித்தவள் அல்லவா, ஆறுதலாகச் சொல்லியிருக்கிறாள், உங்க பையனுக்கு அப்போ ரெண்டு வயசு தாண்டியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லம்மா என்று.

ஜுலைகா என் முன்னால் உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“மூணு வயசு ஆலிமா. நல்லா ஞாபகம் கீது. மூணு முடிஞ்சு நாலு நடந்துகினு இருந்துச்சு.”

“நேத்து போன்ல கேட்டப்போ உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னீங்களே.”

“ராத்திரி யோசிச்சேன், ஞாபகம் வந்துச்சு. எங்க மாமியாருக்கும் ஞாபகம் கீதாம். என் கொழுந்தனாருக்கும்.”

ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்துக்கே ஞாபகம் வந்துவிட்டது. நடந்ததை விசாரித்துத் தெரிந்துகொண்டு, தஸ்லீமாவை இழுத்துக்கொண்டு ஹஜ்ரத்திடம் போனேன்.

“நல்லது” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நல்லது.”

தஸ்லீமா அழுதாள். அவர் அவளைத் திட்டவில்லை. ஜுலைகா சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, குறி போடச் சொன்னார். அவள் ஒவ்வொரு வரியாகப் போட்டுக்கொண்டே வந்தாள். எல்லா வரிக்கும் ஓரத்தில் ‘நினைத்தது’ என்றே போட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அடித்தாள். ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை. ஜுலைகா சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இனி அதை எடுக்க முடியாது. நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தின் சாட்சியைக் கழுவித் துடைத்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஸ்டெல்லா ஒருவர்தான். ஜுலைகா அங்கே போவதற்கு முன்னால் நான் போக வேண்டும். கீழே இறங்கினால் ஆட்டோ இல்லை. கிடைத்த ஒன்றும் மெட்ரோ தடுப்பைச் சுற்றிச் சுற்றி, கச்சேரி ரோட்டில் நின்று நின்று போனது. ஆட்டோக்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை, நான் வாயை மூடவில்லை. லூப் ரோடு மீன் அங்காடியில் இறங்கியபோது, எதிரே ஜுலைகா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள்.

ஸ்டெல்லா ஒரு பெரிய வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியை ஓங்கிப் பலகையில் போட்டார்.

“நீதான் அந்தப் பாயம்மாவா? இன்னா, நீயும் சொல்லிக்குடுக்க வந்தியா?”

“என்ன சொல்லிக்குடுத்தாங்க?”

“மூணு வயசுன்னு சொல்லணுமாம். வயசெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? என் பசங்க வயசே தெரியாது. தெரியாததை நான் ஏன் சொல்லணும்? மாதா மேல சத்தியம், சொல்லமாட்டேன்.” துண்டுகளை ஓரமாகத் தள்ளினார். “நான் குடுத்த பாலு, அவங்களுக்கு இப்போ தீட்டாப் போச்சா? நாத்தமா? அதனாலதான கண்ணாலத்தை நிறுத்திட்டாங்க? அன்னிக்கு அவ ஆஸ்பத்திரில கெடந்தப்போ நாறலயா?”

அவர் சொன்னதில் இருந்த வலி எனக்கு உறைத்தது. யாரும் அவருக்குக் காரணத்தைச் சொல்லவில்லை. தன்னை ஒதுக்குகிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். வயதைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது, ஆனால் இதைச் சொல்லலாம்.

“தீட்டு இல்லம்மா. எங்க சட்டத்துல பால் குடுத்தவங்க அம்மா. பெத்தவங்க மாதிரியே அம்மா. சபீனாவுக்கு நீங்க அம்மா. அது தீர்ந்துபோன விஷயம், யாரும் மாத்த முடியாது. பையனுக்கும் நீங்க அம்மாவா இருந்துட்டா அவங்க அண்ணன் தங்கச்சி ஆயிடுவாங்க. அதைத்தான் கேட்டுட்டிருக்கோம்.”

ஸ்டெல்லா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“உங்க புக்குல போட்டுக்கீதா? என்னைப் போல ஆளுங்களுக்குமா?”

“யாரா இருந்தாலும்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு அவங்களுக்கு” என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். புடவை ஓரம் நனைந்துபோனது.

வயதைக் கேட்டால் ஜுலைகா விதைத்துவிட்டுப் போன மூன்றுதான் முளைக்கும். அதனால் வீட்டைக் கேட்டேன்.

“அந்தச் சந்துக்கு நீங்க எங்கேயிருந்து வந்தீங்க?”

“காசிமேடு. என் மாமியாரு வூடு அங்க. பெரியவன் அருளு பொறந்தது, வளந்தது எல்லாம் அங்கதான். அப்புறம் சண்டை. இவரு வா போலாம்னாரு, பாத்திரத்தைத் தூக்கிக்கினு வந்துட்டோம்.”

“வந்தப்போ அருள் கைக்குழந்தையா?”

“அது எங்க கைக்குழந்தை? அரிசி மூட்டை மேல குந்திக்கினு வந்துச்சு. டெய்சிதான் வயித்துல. இந்தச் சந்துல காலை வச்ச அன்னிக்கே வாந்தி எடுத்தேன். அடுத்த வூட்ல சபீனா அம்மாவும் வாந்தி எடுத்துக்கினு இருந்துச்சு. அப்பிடித்தான் சிநேகம் ஆச்சு.”

“காசிமேட்டுல இருந்தப்போ இவங்களைத் தெரியுமா?”

“தெரியாது. எனக்கு ஏன் தெரியணும்?”

நான் மூச்சை மெதுவாக விட்டேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்ததைக் கேட்டேன். அனீஸ் எப்படி வந்து பால் குடித்தான்?

ஸ்டெல்லா சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்துக் கடைப் பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“அதுவா? பால்வாடி வுட்டு வரும். பையைத் தூக்கி என் வாசல்ல கடாசிட்டு வந்து நிக்கும். ரெண்டு பொண்ணுங்களுக்கும் நான் குடுக்கறதைப் பாத்துட்டு, ‘அக்கா எனக்கு, அக்கா எனக்கு’ன்னு ஒரே ரகளை. கைல முறுக்கு, அதையும் கடிச்சிக்கினே கேக்கும். சரி வாடா ராசான்னு ரெண்டு வாட்டி குடுத்தேன். மூணாவது வாட்டி கடிச்சிட்டான் கம்மனாட்டி. முதுகுல ஒண்ணு வச்சேன், அப்புறம் வரல.”

மீன் வாங்க வந்தவர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வேளை, மாப்பிள்ளை அங்கே இல்லை.

அங்கேயே நின்று சபீனாவின் தாய்க்குப் போன் போட்டேன். ஸ்டெல்லா அந்தச் சந்துக்கு எப்போது குடி வந்தார் என்று மட்டும் கேட்டேன். யோசிக்கவே இல்லை. “சபீனா என் வயித்துல இருந்தப்போ ஆலிமா. ரெண்டு பேரும் ஒரே சாக்கடைல வாந்தி எடுத்தோம்.” இருவரும் தனித்தனி, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. குடி வந்ததை எதற்காகக் கேட்கிறேன் என்பதும் இருவருக்கும் தெரியாது.

ஹஜ்ரத்துக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் குறி கேட்டார். குடி வந்தது, கண்டது. டெய்சி வயிற்றில் இருந்தது, கண்டது. அனீஸ் சபீனாவைவிட நாலு வயது மூத்தவன் என்பது பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது. ஸ்டெல்லா அந்தச் சந்தில் காலை வைத்தபோதே அவன் மூன்று வயதைத் தாண்டியவன். கைக்குழந்தையாக அவனை அந்த அம்மாள் கண்ணால் பார்த்ததே இல்லை. ஜுலைகா சொன்ன மூன்று வயது கடைசியில் ஏறக்குறையச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை நம்பி ஒரு கல்யாணத்தை நடத்த முடியாது. இதை நம்பி நடத்தலாம்.

முறுக்கு வந்ததும் ஹஜ்ரத் நிறுத்தச் சொன்னார். கிராம்பை வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

“சட்டம் ஏன் ரெண்டு வயசுன்னு கோடு போட்டுச்சு? அதுக்குள்ள பால்தான் சாப்பாடு. எலும்பும் சதையும் அதுலதான் வளரும். அதனாலதான் குடுத்தவ அம்மா ஆகறா. இவன் எலும்பு முறுக்குல வளர்ந்திருக்கு.”

எழுந்து தானே பச்சைத் துணியைத் தூக்கினார். பதில் நாலு வரியில் முடிந்தது. நான்கு மத்ஹபிலும் தடை இல்லை, கல்யாணம் கூடும். ‘சந்தேகம்’ என்ற சொல் அதில் இல்லை. முத்திரை போடுவதற்கு முன் நிறுத்தி, யாரும் கேட்காத ஒரு பத்தியைச் சேர்த்தார். மேற்படி ஸ்டெல்லா மணப்பெண்ணுக்குத் தாய் என்பது இந்த விசாரணையில் உறுதியாகிவிட்டது. அவருடைய பிள்ளைகள் மணப்பெண்ணின் உடன்பிறந்தோர். அந்த உறவுக்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். சரி பார்த்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் என்னைப் போடச் சொன்னார். அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.

சபீனா வாங்கிப் படித்தாள். முதல் நாலு வரியில் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசிப் பத்தியை இரண்டு தரம் படித்தாள். அன்று சாயங்காலம் ஆபீஸ் முடிந்து நேராக மீன் அங்காடிக்குப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆகவே எழுதவில்லை.

தேனாம்பேட்டையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அனீஸ் என்னைப் பார்த்த போதெல்லாம் காது சிவந்தான். முறுக்குக் கதை அவன் வரைக்கும் போயிருந்தது. நிக்காஹ் முடிந்ததும், பெண்கள் பக்கத்தில் மணப்பெண் அறையில் சபீனாவோடு நானும் இருந்தேன். தஸ்லீமாவும் இருந்தாள். ஸ்டெல்லா பட்டுப் புடவை கட்டி, நெற்றியில் சிலுவை போட்டுச் சபீனாவை ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். அவருடைய மூத்த மகன் அருள், கையில் ஒரு பரிசுப் பெட்டியோடு வாசலுக்கு வெளியே நின்றான். ஆறடி உயரம், படகில் போய் வருகிற உடம்பு. உள்ளே வரத் தயங்கினான்.

“அண்ணா, உள்ள வா” என்றாள் சபீனா.

அவன் ஒரு காலை உள்ளே வைத்ததும், மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கிருந்தோ ஓடி வந்தார். ஸ்வீட் தட்டைக் கீழே வைத்தாரே, அவர்தான். நேராக அறைக்குள் வந்து நடுவில் நின்றுகொண்டார்.

“இன்னாப்பா, லேடீஸ் ரூமு இது. பொண்ணு பர்தா இல்லாம உக்காந்துகினு கீது. அந்நிய ஆம்பள உள்ள வரலாமா? ஆலிமா, நீங்களே பாத்துகினு கீறீங்க, சொல்ல மாட்டீங்களா?”

அருள் காலைப் பின்னால் இழுத்தான். ஸ்டெல்லாவின் முகம் சுருங்கிப் போனது. தஸ்லீமா வாயைத் திறந்தாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இந்தப் பதிலை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

“அவன் அந்நியன் இல்ல பாய். பால் குடிச்ச உறவு, பொண்ணுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஃபத்வாவுல எழுதியிருக்கு, முத்திரையும் போட்டிருக்கு. அவன் முன்னால அவளுக்குப் பர்தா கிடையாது. அருளு, நீ வந்து தங்கச்சி பக்கத்துல உக்காருப்பா.”

சித்தப்பா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“அப்போ நானு?”

“நீங்க புருஷனோட சித்தப்பா. பொண்ணுக்கு நீங்கதான் அந்நியர். வெளியே போங்க.”

போனார்.